பட்டாளத்துக்காரர் மனைவி, நம் அம்மா: நினைவு மலர் தயாரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் குளுவாங் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஒரு தலைமுறைப் பெண்கள் இருக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து, பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு, கேம்ப் கேம்பாகச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு மாறி, வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதும் திரும்பி வந்து ஏதோ ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) குடியேறியவர்கள். பிள்ளைகளை வளர்த்த கையோடு கோயில் மடப்பள்ளியிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் உழைத்தவர்கள். இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுக்காரரின் சேவைக்குப் பதக்கம் உண்டு, நம்பர் உண்டு, அலுவலகத்தில் கோப்பு உண்டு. அம்மாவின் உழைப்புக்கு எந்த ஏடும் கிடையாது. அதனால்தான் நினைவு மலர் போட உட்காரும் பிள்ளைகள் தெரிந்ததை எழுதிவிடுகிறார்கள்: அப்பா எந்தப் படை, எந்தக் கேம்ப், என்ன பதக்கம். அம்மாவுக்கு 'தியாகச் சுடர்' என்று நாலு வரி. இந்த வழிகாட்டி அதை மாற்றுவதற்காக. அப்பாவின் பட்டாள வரலாறு காலக்கணக்குக் கொடுக்கட்டும். மலர் அம்மாவுடையது.

எப்போது என்ன செய்வது

பதினாறாம் நாள் காரியத்துக்குள் முழு மலர் போட வேண்டாம். அச்சகத்துக்கே ஒரு வாரம் வேண்டும். மீதி ஒரு வாரத்தில் துக்கத்தோடும் தூக்கமில்லாமலும் எழுதுவதில் பேரப்பிள்ளை ஒருவரின் பெயர் விட்டுப்போகும், பிறந்த வருடம் தப்பாக விழும். அந்தக் குறை குடும்பத்தில் வருடக்கணக்கில் பேசப்படும். காரியத்துக்கு ஏ5 அளவில் ஒரே ஒரு அட்டை போதும். முன்பக்கம் படம், பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி. பின்பக்கம் பத்து வரி வாழ்க்கைக் குறிப்பு, நன்றி.

முழு மலரை முதலாண்டுத் திதிக்கு வையுங்கள். திதி ஆங்கிலத் தேதியோடு ஒத்துப்போகாது, சில நாள் முன்பின் வரும். ஆறு மாதத்துக்கு முன்பே குருக்களிடம் நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். அச்சுக்கு ஒரு மாதம், பிழை பார்க்க ஒரு மாதம், எழுத இரண்டு மாதம். அதற்கு முந்தைய காலமெல்லாம் சேகரிப்பதற்கும் பெரியவர்களைப் போய்ப் பார்ப்பதற்கும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் முதலாண்டு நினைவு வழிபாட்டை வைத்து இதே கணக்கு.

முதல் மாதத்திலேயே காப்பாற்ற வேண்டியவை

இறப்பைப் பதியப் போகும்போது தேசியப் பதிவிலாகா அம்மாவின் ஐசியை (அடையாள அட்டையை) வாங்கிக்கொள்ளும். அதற்கு முன் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துவிடுங்கள். இந்த ஒன்றைத்தான் பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடுகின்றன.

அடுத்து அம்மாவின் கைப்பேசி. யாரும் அதை அழித்துப் பேரனுக்குக் கொடுத்துவிட வேண்டாம். ப்ரீபெய்ட் சிம் என்றால் ரீலோட் செய்துகொண்டே இருங்கள், தவணை முடிந்தால் எண் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் தொடாமல் கிடந்தால் அழிந்துவிடும் என்பதால், அதற்குள் முக்கியமான உரையாடல்களை மீடியாவோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்து ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் வேறொருவர் வீட்டுக் கணினியிலும் போட்டு வையுங்கள். "சாப்டியாப்பா, மழை பேயுது, மெதுவா வா" என்று அம்மா அனுப்பிய குரல் செய்திகள்தான் பின்னாளில் எல்லாரும் கேட்கப்போகிறவை. குடும்பக் குழுவிலிருந்து யாராவது வெளியேறுவதற்கு முன்னால் எடுத்துவிடுவது நல்லது.

பிறகு அலமாரி. சேலைகளைப் பங்கு போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் விரித்துப் படம் எடுங்கள். எது கல்யாணச் சேலை, எது அப்பா வெளிநாட்டுப் பணி முடித்து வாங்கிவந்தது என்று தெரிந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய பிஸ்கட் டின், மைலோ டின் எதையும் திறக்காமல் வீசாதீர்கள். தோட்டத்துப் பெண்களின் ஆவணக் காப்பகம் பெரும்பாலும் அதற்குள்தான். சமையல்கட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்க் காலண்டரையும் எடுத்து வையுங்கள். கேஸ் மாற்றிய நாள், உபயம், கிளினிக் தேதி, யாருக்கு எவ்வளவு மொய் என்று கட்டம் கட்டமாக எழுதியிருப்பார்கள். அது நாட்குறிப்பேதான்.

கிடைத்த சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். நம் ஊரில் பாதுகாப்பு என்றால் உடனே லேமினேட் கடைக்குத்தான் போகிறோம். சூட்டில் பழைய மை மங்கும், தாளைத் திரும்பப் பிரிக்கவே முடியாது. ஏற்கெனவே லேமினேட் ஆனதை உரிக்க முயலாமல் அப்படியே ஸ்கேன் எடுங்கள். மற்றதைத் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். இங்கே காற்றில் இருக்கும் ஈரத்துக்கு மழைக்காலம் ஒன்று போதும், பூசணம் பிடிக்க.

காலக்கோடு: மலரின் முதுகெலும்பு

ஒரு பெரிய தாளில் ஐந்து பத்தி போடுங்கள். வருடம், அப்பா இருந்த இடம், அம்மா இருந்த இடம், வீட்டில் யார் யார், அம்மா செய்துகொண்டிருந்தது. இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்யும் பிழை. அப்பா சரவாக்கில் இருந்த காலத்தில் அம்மா பாட்டி வீட்டுக்கே, தோட்டத்துக்கே திரும்பி வந்திருக்கலாம். காலையில் ரப்பர் பால் வெட்டப் போய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டிருக்கலாம். குவாட்டர்ஸ் கிடைக்காமல் கேம்ப்புக்கு வெளியே வாடகை வீட்டில் இருந்திருக்கலாம். மூன்றாம் பத்தியைத் தனியாக நிரப்பும்போதுதான் அம்மாவின் கதை முதன்முதலாகக் கண்ணில் படும்.

நிரப்புவதற்கு நல்ல ஆதாரம் பிள்ளைகளின் சூராட் பெரானாக், அதாவது பிறப்புச் சான்றிதழ். பிறந்த இடம் தைப்பிங், குளுவாங், மலாக்கா, கூச்சிங் என்று மாறி மாறி வரும். நாலு பிள்ளை என்றால் நாலு தேதியும் நாலு ஊரும் உறுதி. அடுத்து பள்ளி ரிப்போர்ட் புத்தகங்கள். பிள்ளை எந்த வருடம் எந்தப் பள்ளியில் இருந்தது என்பதை வைத்து இடைவெளியை அடைத்துவிடலாம். சபா, சரவாக்கில் தமிழ்ப்பள்ளி கிடையாது. அங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் எழுதத் தெரிகிறது என்றால் யாரோ வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அது யார், எந்த நேரத்தில், எந்தப் புத்தகத்தை வைத்து என்று கேளுங்கள்.

அப்பாவின் சேவை விவரத்துக்கு அவருடைய படை எண்ணோடு ஜேஎச்இவி எனப்படும் படைவீரர் விவகாரத் துறையை அணுகலாம். அப்பா முன்பே காலமாகி அம்மா பென்சென் தெர்பித்தான் (அப்பாவின் ஓய்வூதியத்தில் குடும்பத்துக்கு வருவது) வாங்கிக்கொண்டிருந்தால் இறப்பை எப்படியும் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் கணக்கில் விழுந்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அந்த வேலையோடு வேலையாக இதையும் விசாரித்துவிடுங்கள்.

படையின் பெயரைச் சரியாக எழுதுங்கள். 'அப்பா அஸ்கார் மெலாயு' (மலாய்ப் படை) என்று பேச்சுவழக்கில் சொல்வார்கள், அது அப்படியே அச்சில் ஏறிவிடும். ரெஜிமென் அஸ்கார் மெலாயு டிராஜாவில் மலாய்க்காரர்கள் மட்டும்தான். நம் ஆட்கள் பெரும்பாலும் ரெஜிமென் ரெஞ்சர் டிராஜாவிலோ, செம்போயான் (தகவல் தொடர்பு), ஜூருத்தெரா (பொறியியல்), ஓர்ட்னன்ஸ் (தளவாடம்) போன்ற பிரிவுகளிலோ, மருத்துவப் பிரிவிலோ இருந்திருப்பார்கள். தொப்பிச் சின்னத்தின் படம் ஒன்றிருந்தால் பழைய ஆட்களே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

நாட்டு வரலாற்றுத் தேதிகளைக் காலக்கோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தால் பெரியவர்களின் நினைவு சட்டென்று பிடிபடும். அவசரகாலம் 1948 ஜூனில் தொடங்கி 1960 ஜூலை 31-இல் முடிந்தது. இந்தோனேசியாவுடனான மோதல் 1963 முதல் 1966 வரை. கம்யூனிஸ்டுகளோடு ஹட்யாய் ஒப்பந்தம் 1989 டிசம்பர் 2. 1993-இல் நம் படைகள் சோமாலியாவிலும் போஸ்னியாவிலும் இருந்தன. "எந்த வருடம்?" என்று கேட்டால் தெரியாது என்பார்கள். "மே 13 கலவரத்துக்கு (1969) முன்னாடியா, பின்னாடியா?" என்று கேளுங்கள், பதில் வரும்.

ஊர்ப் பெயர்கள் மாறியிருக்கின்றன. தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது, பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. அம்மா வாழ்ந்த காலத்துப் பெயரை எழுதி, முதல் தடவை மட்டும் இன்றைய பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மாவின் பெயரும் ஐசியில் ஒரு மாதிரி, கல்யாணச் சான்றிதழில் ஒரு மாதிரி, தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) எழுதியது ஒரு மாதிரி இருக்கும். தமிழில் வீட்டார் எப்படிக் கூப்பிட்டார்களோ அதையே தலைப்பில் வையுங்கள்.

பேச வைப்பது

யாரிடம் போவது என்பதில் வரிசை உண்டு. வயதும் உடல்நிலையும் பார்த்து, மறதி வரத் தொடங்கியவரிடம் முதலில். அம்மாவின் கூடப்பிறந்தவர்கள், தோட்டத்தில் கூட வேலை செய்தவர்கள், குவாட்டர்ஸ் பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அத்தை), கோயில் மாதர் பிரிவினர், கடைசியாகப் பிள்ளைகள். பிள்ளைகளுக்குத் தங்கள் அம்மாவைத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த பெண்ணைத் தெரியாது.

கைப்பேசியில் பதிவு செய்தால் போதும். ஏரோப்ளேன் மோடில் போட்டு, நாலாக மடித்த துண்டின் மேல் வைத்து, பேசுபவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் இருக்கட்டும். மேலே சுற்றும் காற்றாடியை நிறுத்திவிடுங்கள். காதுக்குத் தெரியாத அந்தச் சத்தம் பதிவில் பேச்சையே மூடிவிடும். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் யார் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். களைத்துப் போன பாட்டி "ஆமாம்பா, நல்லவங்கப்பா" என்ற ஒரே பதிலுக்கு வந்துவிடுவார்.

"அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அதற்குப் பதில் எப்போதும் தங்கமானவங்க என்பதுதான். செயலைக் கேளுங்கள். அப்பா ஒப்பராசிக்கு (படை நடவடிக்கைக்கு) காட்டுக்குள் போன மாதத்தில் சம்பளம் யார் கைக்கு வரும்? சேதி எப்படி வரும், தோட்ட ஆபீஸ் போனுக்கா, கடிதத்திலா? ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் வண்டியைக் கேட்பார்? கேம்ப் மாறும்போது எதை எடுத்துப் போனார், எதை விட்டுவிட்டுப் போனார்? நகை எத்தனை முறை அடகுக் கடைக்குப் போனது, எதற்காக? அப்பா மூன்று மாதம் கழித்து வீடு திரும்பினால் கடைக்குட்டி அவரைப் பார்த்து அழுததா? குடும்பமும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதைப் பட்டாளத்துக்காரர் மனைவிகள் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் யாரும் அவர்களிடம் கேட்பதில்லை.

கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நல்ல செய்தி பெரும்பாலும் இரண்டாவது மௌனத்துக்குப் பிறகுதான் வரும். மலாய்க்காரர், சீனர் அண்டை வீட்டார் பேசியதை முதலில் அவர்கள் மொழியிலேயே எழுதிக்கொண்டு, தமிழாக்கத்தைப் பிறகு செய்யுங்கள்.

அம்மாவின் தொண்டுகளைக் கண்டுபிடிப்பது

இதுதான் கடினமான பகுதி. செயலவைப் பட்டியலில் அம்மாவின் பெயர் இருக்காது. மாதர் பிரிவு என்று ஒரு வரி இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. ஆகவே வேறு இடங்களில் தேட வேண்டும். கோயில் ஆண்டுக்கூட்ட அறிக்கையின் பின்பக்கத்து நன்றிப் பட்டியல், கும்பாபிஷேக மலர்கள், உபய ரசீதுகள், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிப் படங்களில் பின்வரிசையில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிற்பவர்கள். கேம்ப்பில் இருந்த காலத்துக்கு பாக்காட் எனும் பாடான் கெபாஜிக்கான் கெலுவார்கா அங்காத்தான் தெந்தெரா, அதாவது படையினர் குடும்ப நல அமைப்பின் உறுப்பினர் அட்டையோ, தையல் அல்லது சமையல் வகுப்புச் சான்றிதழோ கிடைக்கலாம்.

அம்மாவின் சமையல் நோட்டு கிடைத்தால் அது பெரும் புதையல். "தைப்பூசம். அரிசி 35 கிலோ. பருப்பு 5. கத்தரிக்காய் 12. அடுப்பு 3. பெரிய அண்டா கோயில்ல ஓட்டை, பள்ளிக்கூடத்துல வாங்கணும்." இப்படி ஒரு பக்கம் இருந்தால் அதை அப்படியே படமாக அச்சிடுங்கள், கையெழுத்தோடு. அன்னதானத்தில் ஒரு கிலோ அரிசி எட்டுப் பத்துப் பேருக்கு வரும். அப்படியானால் அம்மா ஏறக்குறைய முந்நூறு பேருக்குச் சமைத்திருக்கிறார். அடியில் ஒரே வரியில் இந்தக் கணக்கை எழுதுங்கள். பாராட்டு வேறு வேண்டியதில்லை.

அம்மாவிடம் தேவாரம் படித்த பிள்ளைகள், அவர் கூட்டிப்போய்க் கிளினிக்கில் காட்டிய முதியவர்கள், இழவு வீட்டில் யாரும் சொல்லாமலே போய்க் காப்பி கலக்கியவர் என்று நினைவு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுங்கள்: "அம்மா உங்களுக்குச் செய்த ஒரு உதவியைத் தேதியோ வருடமோ சேர்த்து இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள்." இரண்டு வரி என்று சொன்னால்தான் அனுப்புவார்கள்.

படங்கள்

பன்னிரண்டு முதல் பதினெட்டு படம் போதும். அதற்கு மேல் போனால் தபால்தலை அளவில்தான் வரும், முகம் தெரியாது. சிறிய பழைய படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். 6-க்கு 9 செண்டிமீட்டர் படம் அப்படிச் செய்தால் இரண்டு மடங்கு பெரிதாக, 12-க்கு 18 அளவில் தெளிவாக அச்சாகும். உறவினர் அனுப்பும் படங்களை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காமல் டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் சுருங்கி வரும்.

சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட கல்யாணப் படத்தைப் பிய்க்க வேண்டாம், முகத்தின் மேல்பூச்சு கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்து, பகல் வெளிச்சத்தில், ப்ளாஷ் இல்லாமல், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் பிரதிபலிக்கும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரை ஊரைக் காட்டிக்கொடுக்கும். பெயர் எழுத மென்மையான பென்சில்தான், பேனா மை முன்பக்கம் ஊறும்.

அட்டைக்கு அப்பாவோடு சீருடையில் எடுத்த படத்தைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள். வேண்டாம். அம்மா தனியாக இருக்கும் படம் ஒன்றைத் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால், கூட்டத்தில் ஏதோ வேலை செய்துகொண்டிருக்கும் படத்தை வெட்டி எடுங்கள். ஜோடிப் படம் உள்ளே இருக்கட்டும்.

எழுதுவது

ஏ5 பக்கத்தில் 12 புள்ளி எழுத்தில் ஏறக்குறைய 170 சொல் அடங்கும். 24 பக்க மலரில் படங்கள் போக எழுத்துக்குப் பன்னிரண்டு பக்கம், அதாவது சுமார் 2000 சொல். அதற்குள் பிறந்த தோட்டம், கல்யாணம், கேம்ப் வருடங்கள், திரும்பி வந்தது, தொண்டு, கடைசி வருடங்கள். எல்லாவற்றுக்கும் சம இடம் கொடுக்காதீர்கள். செய்தி எங்கே செறிவாக இருக்கிறதோ அங்கே நின்று எழுதுங்கள். நோயைப் பற்றி மூன்று வரி போதும். நல்ல வருடங்கள் நாற்பது இருக்க, மருத்துவமனை மாதங்கள் மலரை விழுங்கிவிடக் கூடாது.

குணத்தைச் சொல்லாமல் செயலைச் சொல்லுங்கள். வழக்கமான வாக்கியம் இது: "அன்னையார் பொறுமையின் சிகரமாகத் திகழ்ந்து பிள்ளைகளை ஆளாக்கினார்." திருத்தினால் இப்படி வரலாம்: "அப்பா எல்லைக் காட்டுக்குப் போன வாரங்களில் அம்மா தலைமாட்டில் டார்ச் லைட்டையும் சூராட் பெரானாக் வைத்த டின்னையும் வைத்துக்கொண்டுதான் படுப்பார். மூத்தவனுக்கு இழுப்பு. எந்நேரமும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டி வரும்." இரண்டாவதில் பொறுமை என்ற சொல்லே இல்லை. படிப்பவர் தானே சொல்லிக்கொள்வார்.

அப்பாவைப் பற்றிய பத்தி ஒவ்வொன்றையும் எழுதிய பிறகு, அதில் அம்மா எழுவாயாக வரும் வாக்கியம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்குக் குறைந்தால் திருத்துங்கள்.

கசப்பான செய்திகளும் வரும். கருக்கலைந்தது, கடன், அப்பாவின் குடி, மாமியாரோடு மனஸ்தாபம். உயிரோடிருக்கும் பிள்ளைகள் எல்லாரும் ஒப்புக்கொண்டால் மட்டும் அச்சில். ஒருவர் வேண்டாம் என்றாலும் ஒலிப்பதிவில் மட்டும் இருக்கட்டும், அழிக்காதீர்கள். ஐசி எண், வீட்டு முகவரி, வங்கி விவரம் தெரியும் ஆவணப் படத்தை அப்படியே போடாதீர்கள், எண்களை மறைத்துவிடுங்கள்.

அச்சு

நம் பட்டணங்களில் அச்சகத்தாருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. பிழை விழுந்தால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது என்பதை மனத்தில் வைத்து வேலை செய்யுங்கள். வோர்ட் கோப்பைக் கொடுக்காதீர்கள். எழுத்துரு அங்கே இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். யூனிகோடில் தட்டச்சு செய்து, எழுத்துரு உட்பொதிந்த பிடிஎப்பாகக் கொடுங்கள். அச்சகம் தன் மென்பொருளில் எழுத்தை மறுபடி ஒட்டினால் கொம்பு இடம் மாறி, 'கொ' என்பது பிரிந்து கிடக்கும். மாதிரித் தாளில் முதலில் பார்க்க வேண்டியவை ெ, ே, ொ, ோ வரும் சொற்கள். பிறகு எல்லாப் பெயர்களும். பெயர்களை வீட்டுக்கு ஒருவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அச்சுக்கு விடுங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும்: 20, 24, 28. உள்தாள் 120 கிராம் அளவு, அட்டை 250 கிராம். ஓரம் வரை வரும் படத்துக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். இருநூறு படிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சே மலிவு.

திதியன்று மலரிலிருந்து வாசிப்பவர் இரண்டு பக்கம் மட்டும் வாசிக்கட்டும். ஏ4 தாளில் 14 புள்ளியில், வரிகளுக்கிடையே நல்ல இடம் விட்டு எடுத்துக்கொடுங்கள். ஒரு பக்கம் நிதானமாக இரண்டரை நிமிடம் வரும். பிள்ளைகளில் ஒருவர் வாசித்தால் குரல் அடைக்கும், அதே தாளோடு இன்னொருவர் பக்கத்தில் நிற்பது நல்லது.

படிகள் யாருக்கு என்று முன்கூட்டியே பட்டியல் போடுங்கள். கோயிலுக்கு இரண்டு, அம்மா உழைத்த தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு இரண்டு, பழைய தோட்டத்து ஆட்களுக்குத் தனியாக ஒரு கட்டு. விற்பதாகவோ பொதுவில் வழங்குவதாகவோ இருந்தால் தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் வாங்கிக்கொண்டு, 1986-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டப்படி ஐந்து படி அனுப்ப வேண்டும். கேம்ப் காலத்து மலாய், சீன அண்டை வீட்டாருக்கு அனுப்பும் படிகளில் மலாயில் ஒரு பக்கச் சுருக்கமும், அவர்கள் இருக்கும் படம் எந்தப் பக்கத்தில் என்ற குறிப்பும் வைத்து அனுப்புங்கள்.